தொடைநடுங்கி என்ற பெயர் வந்த கதை

யானையும் மனிதனும் ஒரே பாதையில் நடந்த அந்தக் காலத்திலே, காந்தள்பாறை என்ற மலையூரில் சாத்தன் என்று ஒருவன் இருந்தான். தேன் எடுப்பது அவன் தொழில். கொடியைப் பிடித்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் இறங்குவான். மலைத்தேனீ மொய்த்தாலும் அசைய மாட்டான். அப்பேர்ப்பட்டவனுக்கு எதிர்வீட்டு அல்லி என்றால் உயிர். அவளைப் பார்த்தால் மட்டும் வாயில் பேச்சே வராது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்கிறவன் அறுவடைத் திருநாளில் சபை நடுவே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். தொடைமேல் வெண்கலத் தட்டு, தட்டில் ஏழு கொட்டைப்பாக்கு. அப்படி உட்கார்ந்து அவள் பேரைச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் சாத்தன் உட்கார்ந்தான். தொடை நடுங்கியது, பாக்கெல்லாம் கடகடவென்று ஆடியது. “சரியான தொடைநடுங்கி” என்றான் ஒருத்தன். ஊரே சிரித்தது. சாத்தன் பேரைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டான்.

நீங்கள் சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இரண்டு தொடை இருக்கிறது.

அப்புறம் வருஷம் பூராவும் தொடைமேல் கல்லை வைத்துப் பழகினான். கல் அசையவில்லை. ஆனால் இரண்டாம் திருநாளில் பாக்கு உருண்டு ஓடியே போனது. மறுபடியும் எழுந்து போனான். மலைமேல் உட்கார்ந்து அவள் வீட்டுக் கூரைப் புகையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஏங்கி ஏங்கிப் பாதி உடம்பாகிவிட்டான், பாவி.

மூன்றாம் வருஷம் அவன் உட்காரவே இல்லை, கூட்டத்துக்குப் பின்னால் மறைந்து நின்றான். அடுத்த ஊர் உதியன் தட்டை வைத்து, அல்லி பேரைச் சொன்னான். பெரியவர்கள் அவளைச் சம்மதம் கேட்டார்கள். அவள் மூன்று முறை கூட்டத்தைத் தேடிப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

கல்யாணமாகி ஊரை விட்டுப் புறப்படும்போது அல்லி சாத்தன் முன்னால் வந்து நின்றாள்.

“ரெண்டு வருஷம் காத்திருந்தேன். ஏன் சொல்லாமப் போனே?”

“பாக்கு உருண்டுடுச்சே.”

“உருண்டா என்ன? பேரைச் சொல்லணும், அவ்வளவுதானே வழக்கம்? பாக்கு ஆடக் கூடாதுன்னு யார் சொன்னா? நீ பேரைச் சொல்லியிருந்தா, நானே எழுந்து வந்து பொறுக்கியிருப்பேன்.”

யாரும் சொல்லவில்லைதான். அவனாகவே நினைத்துக்கொண்டது அது. அவள் மலையிறங்கிக் கண்ணுக்கு மறைந்த பிறகு, சாத்தன் அவள் பேரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னான்.

பயந்தவனை ஊர் இன்றைக்கும் தொடைநடுங்கி என்றுதான் ஏசுகிறது. ஆனால் கேளுங்கள்: தொடை நடுங்குவது கோழைத்தனம் இல்லை, நடுக்கத்துக்கு வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எழுந்து போவதுதான் கோழைத்தனம்.