மஞ்சக்கழுத்தி வயிற்றில் காத்திருந்த மூவர்

அந்தக் காலத்தில் நீலமலைக் காட்டில் எல்லா உயிரும் பேசும். வயிற்றில் இருக்கும் பிள்ளைகூடப் பேசும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

மஞ்சக்கழுத்தி என்றொரு மரநாய் இருந்தாள். அவள் புருஷனுக்கு வீட்டு நினைப்பு வருவது ஐப்பசியில் மட்டும். அப்போது கூடினால் மார்கழியில் பிரசவம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். முதல் இரண்டு வருடமும் குட்டிகள் விறைத்துச் செத்தன.

மூன்றாம் ஐப்பசியில் கடுகளவில் மூன்று கரு வயிற்றுக்குள் வந்து விழுந்தன. மூத்தது கேட்டது: "அம்மா, வயித்துச் சுவரைப் பிடிச்சுக்கட்டுமா?"

"கையை எடு! பிடிச்சா வளருவே. வளர்ந்தா பனியில வந்து விழுவே. நான் சொல்ற வரைக்கும் மூணு பேரும் சும்மா மிதங்க."

கடுகுக்குக் கை ஏது என்று கேட்காதீர்கள். இருந்தது.

மருத்துவச்சி கருமந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, பிடிப்பில்லாத கரு எத்தனை நாளைக்குத் தாங்கும்? மூணும் கரைஞ்சு போயிடும்டி."

"விதை மண்ணுல விழுந்த அன்னைக்கேவா முளைக்குது அக்கா? மழை வர்ற வரை கிடக்குதே. என் பிள்ளைகளும் கிடக்கும்."

"நீ என்ன மண்ணா?"

"இந்த வருஷம் மண்ணுதான்."

"இந்த இருட்டுல எப்போ பிடிக்கணும்னு எப்படித் தெரியும்?" என்றது கடைக்குட்டி.

"என் கண்ணு வழியா வெயில் உள்ளே வரும். பகல் நாளுக்கு நாள் நீண்டுகிட்டே வந்தா பிடிங்க."

மார்கழியில் ஒருநாள் மேகமே இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. "வந்திருச்சு!" என்று கடைக்குட்டி கையை நீட்டியது. மஞ்சக்கழுத்தி சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்திலேயே காட்டுக்கோழி கொக்கரித்து மேய்ந்தது, திறக்கவில்லை. பசி குடைந்தது, திறக்கவில்லை. பொழுது சாயும்வரை அப்படியே படுத்துக் கிடந்தாள்.

"வயித்தையும் காணோம், இப்போ கண்ணையும் காணோம்" என்று கருமந்தி கிளையிலிருந்து கேலி பேசிவிட்டுப் போனாள்.

தை பிறந்தது. பகல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒருநாள் உள்ளே மூன்று சின்னக் கைகள் சுவரைப் பற்றின.

"கெட்டியாப் பிடிங்க!" என்றாள் மஞ்சக்கழுத்தி.

பங்குனி வெயிலில் மூன்றும் பிறந்தன. கருமந்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்றும் கதகதவென்று சுட்டன.

அன்று முதல்தான் மரநாய்க் குலத்தில் கரு உண்டானவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. தாயின் கண்ணில் பகல் நீளும்வரை மிதந்துகொண்டே காத்திருக்கிறது.