சம்பந்தியம்மாளுக்கு ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீர்

கோணப்பாக்கத்து மக்கள் யோசிக்காமல் காரியம் செய்பவர்கள் என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. எதற்கும் கூடி உட்கார்ந்து, மோவாயில் கைவைத்து, நன்றாக யோசிப்பார்கள். யோசித்து முடித்த பிறகுதான் காரியம் கெடும்.

அவ்வூர்க் குளக்கரையில் அம்மையப்பன் என்பவர், மனைவி செங்கமலத்தோடும், தாண்டவன், வேம்புலி என்ற இரண்டு தம்பிமாரோடும் குடியிருந்தார். அவருடைய ஒரே மகள் பூங்காவனத்துக்கு நல்ல இடத்தில் வரன் கூடி வந்தது. பெண் பார்க்க வந்த பிள்ளையின் தாயார் உண்ணாமுலை அம்மாள், குடிக்கக் கொடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே சோப்பு நுரை மிதந்தது. அதைச் சுற்றி எண்ணெய் வட்டமிட்டது. அடியில் ஏதோ ஒன்று நீந்தியது.

“பொண்ணைப் பிடிச்சிருக்கு. தண்ணியைத்தான் பிடிக்கலை,” என்றார் அந்த அம்மாள். “வெள்ளிக்கிழமை மறுபடி வர்றோம். தெளிஞ்ச தண்ணி ஒரு டம்ளர் கொடுங்க, தட்டு மாத்திக்கலாம். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கிறோம்.”

அன்றைக்கு அம்மையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பூங்காவனத்துக்குப் பிள்ளையைப் பிடித்துப்போயிருந்ததை அவர் கவனித்திருந்தார். ஓட்டமும் நடையுமாகப் போய், சுகாதார நிலையத்து நர்சம்மாவைக் கையோடு அழைத்து வந்தார்.

நர்சம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

“குளத்துக்குள்ள நின்னு சோப்பு போடாதீங்க, கரையில நின்னு போடுங்க. நுரையோட தண்ணியில காலை வைக்கக் கூடாது. வாணலியில மிஞ்சின எண்ணெயைக் கால்வாயில ஊத்தாதீங்க, துணியால துடைச்சு எடுங்க. எருமையைக் குளத்துல இறக்காதீங்க. குடிக்கிற தண்ணி கலங்கலா இருந்தா, கலங்கலைக் கொட்டிட்டு, தெளிஞ்சதை மட்டும் காய்ச்சிக் கொடுங்க. ஐயா, புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா,” என்றார் அம்மையப்பன். தம்பிமாரும் தலையாட்டினார்கள். நர்சம்மா நிம்மதியாகப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் தம்பி மூவரும் கரையில் வரிசையாக நின்று, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சோப்புப் போட்டுக்கொண்டார்கள்.

“அண்ணே, இப்ப இறங்கலாமா?” என்றான் வேம்புலி.

“உடம்புல நுரை இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ கூடாது.”

“நுரை எப்படிண்ணே போகும்?”

“தண்ணியில இறங்கினா போகும்.”

“அப்போ இறங்கட்டுமா?”

“அவசரக்குடுக்கை! நுரை போனப்புறம் இறங்குடா.”

செங்கமலம் பரிதாபப்பட்டு ஒரு குடம் தண்ணீரோடு வந்து, “தலையில ஊத்தட்டுமா?” என்றாள். அம்மையப்பன் பதறிப்போனார். “குடத்துக்குள்ள இருக்கிறதும் குளத்துத் தண்ணிதானேடி! நம்ம வீட்டுக் கல்யாணத்தை நீயே கெடுத்துடாதே.”

உச்சிவெயிலில் நுரை காய்ந்தது. மூவரும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்து, பொருக்குத் தட்டி, கண்ணைத் திறக்கமுடியாமல் நின்றார்கள். அவ்வழியே சந்தைக்குப் போன வெளியூர்க்காரர் ஒருவர் தவசிகள் என்று நினைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக் காலில் விழுந்தார். தாண்டவன் கையைத் தூக்கி ஆசீர்வதித்தான். சோப்புத் தூள் அவர்மேல் உதிர்ந்தது. அவர் தும்மிக்கொண்டே போனார்.

இதற்குள் அடுப்படியில் வேறொரு சிக்கல் முளைத்தது. சம்பந்திகளுக்காக முன்கூட்டியே வடை சுட்டுப் பார்த்த செங்கமலம், சொன்னபடியே வாணலியைத் துணியால் துடைத்தாள். வாணலி சுத்தமானது, துணி எண்ணெயானது. அந்தத் துணியைக் குளத்தில் அலசக்கூடாது. ஆகவே அதை இன்னொரு துணியால் துடைத்தாள். அதை மற்றொன்றால் துடைத்தாள். பொழுது சாய்வதற்குள் வேட்டி, துண்டு, புடவை, தலையணை உறை எல்லாம் ஒன்றையொன்று துடைத்து முடித்தன.

“இன்னும் என்ன துணி மிச்சம் இருக்கு?” என்றார் அம்மையப்பன்.

“பூங்காவனத்தோட பட்டுப் புடவைதாங்க.”

பூங்காவனம் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். “யாராவது கிட்ட வந்தீங்க, நான் கல்யாணமே பண்ணிக்கமாட்டேன்!” என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

எருமையின் விஷயந்தான் எல்லாவற்றிலும் கடினமானது. ஏனென்றால், நர்சம்மா சொன்ன வேளையில் அவர்கள் வீட்டு எருமை ஏற்கெனவே குளத்துக்குள் கிடந்தது.

“ஓட்டி வெளியே ஏத்திடுவோம்,” என்றான் தாண்டவன்.

“ஏத்தினா என்ன ஆகும்? மறுபடி இறங்கும்,” என்றான் வேம்புலி. “இறக்கறதுதானே கூடாதுன்னாங்க? உள்ளே இருக்கக்கூடாதுன்னு சொல்லலையே.”

அம்மையப்பன் வேம்புலியைத் தட்டிக்கொடுத்தார். “உனக்கு இருக்கிற மூளை இவனுக்கு இல்லைடா.”

அன்று முதல், எருமை கரையேறிவிடாதபடி ஆளுக்கொரு கம்போடு முறைபோட்டுக் காவல் காத்தார்கள். புல்லும் தவிடும் அது படுத்திருந்த இடத்துக்கே போயின. எருமை உண்டது, அசைபோட்டது, உண்டபிறகு எருமைகள் செய்யும் மற்றதையும் குறைவில்லாமல் செய்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வேனும் வந்தது. உண்ணாமுலை அம்மாள், அவருடைய கணவர், மாப்பிள்ளை மூவரும் கூடத்தில் அமர்ந்தார்கள். எண்ணெய் மினுங்கும் வேட்டியோடு பின்கட்டில் நின்ற அம்மையப்பன், சொம்பில் மொண்ட தண்ணீரைப் பார்த்தார். சுக்குக் காப்பியின் நிறத்தில் இருந்தது. கதவிடுக்கில் பூங்காவனத்தின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அண்ணே, கலங்கலைக் கொட்டச் சொன்னாங்களே,” என்று தாண்டவன் நினைவூட்டினான்.

கொஞ்சம் கொட்டினார். எட்டிப் பார்த்தார். மிச்சமும் கலங்கலாகவே இருந்தது. அதிலும் கொஞ்சம் கொட்டினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கலங்கலை ஒரு சொட்டுக்கூட விடாமல் கொட்டி முடித்தார்கள்.

“அண்ணே! அடி தெரியுது!” என்று வேம்புலி கத்தினான். “சொம்புக்குள்ள ஒரு ஒடுக்கு இருக்கே, அதுகூடத் தெரியுது!”

தெளிந்ததைச் செங்கமலம் அடுப்பில் ஏற்றினாள்.

“கொதிக்குதா?”

“சத்தமே இல்லைங்க. ஆவிகூட வரலை.”

“அழுக்கு இருந்தாத்தானே சத்தம் வரும்?” என்றார் அம்மையப்பன். ஆறவைத்து டம்ளரில் ஊற்றும்போது, “பார்த்து, ததும்பிடப் போகுது,” என்று எச்சரிக்கவும் தவறவில்லை.

உண்ணாமுலை அம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“என்னங்க, நீங்களும் குடிச்சுப் பாருங்க. தொண்டையில இறங்கறதே தெரியலை!”

கணவர் மிச்சத்தைக் குடித்தார். “ஒரு வாடை இல்லை, ஒரு கரிப்பு இல்லை. நம்ம ஊர்த் தண்ணியும் இருக்கே! ரெண்டு டம்ளர் குடிச்சா வயிறு கனக்குது.”

“எனக்கு மிச்சம் வைக்கலையாப்பா?” என்றார் மாப்பிள்ளை. அவருக்குத் தனியாக ஒரு டம்ளர் வந்தது.

தட்டு மாறியது. பூங்காவனம் பட்டுடுத்தி வந்து எல்லோருக்கும் நமஸ்காரம் செய்தாள். புறப்படும்போது சம்பந்தியம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்: “எங்க வீட்டுக்கும் ஒரு குடம் கொடுங்களேன்.”

அம்மையப்பன் மனம் கோணாமல் அதே தெளிந்த தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, வாயில் துணி கட்டிக் கொடுத்தார். தம்பிமார் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை குடத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

குளத்தோரத் திருப்பத்தில் வேன் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டது. குடம் கவிழ்ந்தது.

“ஐயோ, அத்தனையும் கொட்டிப்போச்சே!” என்று உண்ணாமுலை அம்மாள் அலறினார். வேன் நின்றது. முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை கீழே இறங்கி, நுனியைச் சேர்த்து முறுக்கிப் பிழியத் தொடங்கினார்.

அம்மையப்பன் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

“மாப்பிள்ளை, அங்கே வேண்டாம்! இந்தப் பக்கம் தள்ளி வந்து பிழியுங்க. குளத்துல கலந்துடப் போகுது!”