ஏழாம் கிணற்றுக் கோடு

தேரி என்றால் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தேரி இல்லை. இது நடந்த காலத்தில் அந்தச் செம்மணல் காட்டை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடக்க ஒன்பது நாள் நடை. காற்று கிளம்பினால் ஒருவன் மீசையைப் பிய்த்து அடுத்தவன் முகத்தில் ஒட்டிவிட்டுப் போகும். வெயிலுக்குப் பயந்து நிழல்கள் ஊரிலேயே தங்கிவிடும். ஆள் மட்டும்தான் நடக்க வேண்டும். நம்பாதவர்கள் மத்தியானத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளுக்கு ஒன்றாக ஒன்பது கிணறு. நடக்கப் போகிறவன் ஆற்றில் ஒன்பது கூழாங்கல் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் தன் அடையாளத்தைக் கீறி மடியில் கட்டிக்கொள்வான். கிணற்றுக்கு ஒரு கல்லைச் சுவரில் இருக்கும் மாடத்தில் வைப்பான். பாதியில் திரும்புகிறவன், திரும்புகிற இடத்தில் தன் கல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போக வேண்டும். தேரிக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவனுடைய குரு செண்பகவடிவுக்கு முப்பத்திரண்டு. தேரியைப் பதினான்கு தடவை கடந்தவள் என்பதால் அவள் வயதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவன் அவளை அம்மை என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

அவனுடைய அப்பா மூக்காண்டி, நாற்பது வருடத்துக்கு முன் தேரியைக் கடந்ததாகச் சொன்னவர். சாகும்வரை சொன்னார். ஊர் நம்பவில்லை. பதினாறாம் நாள் பந்தியில் ஒருவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"மூக்காண்டி நெசமாவே போயிட்டாரா, இல்ல இதுவும் புளுகா?"

பந்தி மொத்தமும் சிரித்தது. ஆவுடையப்பன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

"ஒன்பதாம் கிணத்துல எங்க அப்பா வெச்ச கல்லை எடுத்துட்டு வாரேன். அப்புறம் சிரிங்க."

அன்றைக்கே போய்ச் செண்பகவடிவிடம் சேர்ந்தான். மணலில் நடக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆயிற்று. பிறகு ஒரு தை மாதக் காலையில் இருவரும் இறங்கினார்கள்.

முதல் கிணற்று மாடத்தில் கையை விட்டவன் கத்திய கத்தலில் இரண்டு மேடு இடிந்து விழுந்தது.

"தேள், அம்மை! எங்க அப்பா போட்ட தேள்!"

அவள் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நண்டு மாதிரியில்லா இருக்கு?"

"அவியளுக்குத் தேள் வரைய வராது. நண்டு மாதிரி இருந்தா அது எங்க அப்பா தேள்தான்."

முதல் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று அப்பா சொல்லியிருந்தார். ஆவுடையப்பன் இறைத்துக் குடித்தான். உப்புதான். சந்தோஷத்தில் இன்னும் இரண்டு கை குடித்தான். அன்று பூராவும் வயிறு அவனைத் திட்டியது.

இரண்டாம் கிணற்றில் தவளை உண்டு என்றிருந்தார். இருந்தது. அந்தத் தவளையேதான் என்று ஆவுடையப்பன் சத்தியம் செய்தான்.

மூன்றாம் கிணற்றுச் சுவரில் ஒரு செங்கல் கிடையாது என்றிருந்தார். கிடையாது. அந்தப் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, அவன் பாட்டுக்குச் சிரித்தான், அழுதான், மறுபடியும் சிரித்தான்.

மூன்று கிணற்றிலும் நண்டு மாதிரித் தேள்.

நான்காம் கிணற்றிலிருந்து அவன் நடக்கவே இல்லை. ஓட்டம்தான்.

"ஓடாதீய அண்ணாச்சி! கிணறு எங்கேயும் போயிராது."

"அப்பா போயிருவாவ அம்மை!"

ஐந்தாம் கிணற்றில் தேள். ஆறாம் கிணற்றில் தேள், வால் மட்டும் கொஞ்சம் நீளம். "அப்பாவுக்கு இங்கே தெம்பு வந்திருக்கு, பார்த்தீயளா?" என்று குதித்தான். அவன் குதித்த குழி இன்னும் தூர்ந்தபாடில்லை என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்கிறார்கள்.

ஏழாம் கிணற்றை அவன் ஒரு நாழிகை முன்னதாகவே தொட்டுவிட்டான். பின்னால் வந்துகொண்டிருந்த செண்பகவடிவுக்கு "அம்மை, இங்கே..." என்று ஒரு கத்தல் கேட்டது. பாதியில் நின்றுபோனது.

அவள் வேகத்தைக் கூட்டவில்லை. வந்து சேர்ந்தபோது அவன் மாடத்துக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் கல். கல்லில் தேள். தேளின் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு.

"வேற யாராவது கீறியிருப்பாவளோ?"

"அடுத்தவன் கல்லுல யாரும் கைவைக்க மாட்டாவ."

"தூசி உரசி..."

"தூசி இவ்வளவு நேரா உரசாது அண்ணாச்சி."

அவன் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு எழுந்தான். முகம் மணலைவிடச் சிவந்திருந்தது.

"அப்ப ஊர் சிரிச்சது சரிதான். எங்க அப்பா புளுகன். நாப்பது வருசம் என் மூஞ்சியைப் பார்த்துப் புளுகியிருக்காவ."

கல்லைக் கிணற்றுக்குள் எறியக் கையை ஓங்கினான்.

"எறியதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க" என்றாள் செண்பகவடிவு. "இந்தக் கோட்டை எதுக்குப் போடுதோம்?"

"போடலேன்னா, ஆள் முன்னால எங்கேயோ விழுந்து கிடக்கான்னு தேடிப் போவாவ. தேடிப் போறவங்களும் மணலுக்குள்ள மாட்டிச் சாவாவ."

"இது உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தேரியில இறங்கின எல்லாருக்கும் தெரியும்."

"கோடு போட்டா என்னைக்காவது ஒருத்தன் பார்த்துருவான்னு?"

ஓங்கின கை அப்படியே நின்றது.

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டிருக்காவ."

கை மெல்லக் கீழே வந்தது. கல்லை வேட்டியில் துடைத்தான். பார்த்தான். மறுபடியும் துடைத்தான். மாடத்தில் இருந்த இடத்திலேயே வைத்தான்.

அவள் வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தாள். அவன் குடித்து முடித்ததும் கேட்டாள்:

"முதல் ஆறு கிணத்தைப் பத்தி அவிய எவ்வளவு சொல்லியிருப்பாவ?"

"என்ன சொன்னாவ... ஒரு கிணறு உப்பு, ஒண்ணுல தவளை, ஒண்ணுல செங்கல் இல்லை. மத்ததுக்கு அதுவும் இல்லை."

"ஏழாங்கிணறு?"

"அதைப் பத்திப் பேசினதே இல்லை."

"எட்டும் ஒன்பதும்?"

"அடேயப்பா!" என்றான் ஆவுடையப்பன். தன்னை அறியாமல் குரல் ஏறிவிட்டது. "எட்டாம் கிணத்துல கயிறே வேண்டாமாம். நாம குனிஞ்சாப் போதும், தண்ணி எழுந்து வந்து கையில ஊத்துமாம். ஒன்பதாம் கிணத்தைச் சுத்திப் பூவரச மரமாம், மரத்துக்கு ஒரு மயிலாம். ஒவ்வொரு மயிலும் நடந்து வந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். உலையில அரிசி போடும்போது ஆரம்பிச்சாவன்னா சோறு வெந்து, வடிச்சு, ஆறிப்போற வரைக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

செண்பகவடிவு சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்ததில் வாளி கை தவறிக் கிணற்றுக்குள் விழுந்தது. அதை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எடுத்து முடித்ததும் அவன் போய்க் கிழக்கே பார்த்து நின்றான். எட்டாம் கிணறு இருக்கும் திசை. மணலில் ஒரு பாம்பு போன தடம்கூட இல்லை. கால் துறுதுறுவென்று இருந்தது. ஆனால் எழவில்லை.

"அம்மை, இதுவரைக்கும் அப்பா தடத்துல ஓடி வந்தேன். தடம் இத்தோட முடிஞ்சு போச்சு. ஒன்பதாம் கிணத்துல எடுக்கக் கல்லும் கிடையாது. இனி நான் யாருக்குப் பின்னால போக?"

செண்பகவடிவு தண்ணீர்த் தோல்பையை இறுக்கிக் கட்டினாள். தோளில் மாட்டிக்கொண்டாள். அவனுக்குப் பக்கத்தில் வந்து, அவன் முதுகுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"வழியை மறிச்சுக்கிட்டு நிக்கீயளே அண்ணாச்சி. பின்னால உங்க அப்பா காத்துக்கிட்டு நிக்காவ. நடங்க."