நாற்பத்தோராவது ‘சரி’

நாணல் குளத்து முட்டைக்கூடத்துக்குப் புது இயங்குதளம் வந்த அன்று, செம்மூக்கி என்ற தாழைக்கோழிக்குக் கால் தரையில் பாவவில்லை.

செம்மூக்கிதான் கூடத்தின் காவல்காரி. குளத்து மேட்டில், மேலேயும் பக்கங்களிலும் முள் வேய்ந்த மணல்திட்டு ஒன்று இருந்தது. நீர்ப்பறவைகளும் ஆமைகளும் அதற்குள்தான் முட்டையிடும். அதற்கு ஒரே ஒரு கதவு. கதவைத் திறப்பதும் மூடுவதும் பக்கத்து மருதமரப் பொந்தில் இருந்த கணினி. குளத்தங்கரையில் கணினியா என்று கேட்பவர்கள், தாழைக்கோழி பேசும் என்பதை மட்டும் எப்படி நம்பினார்களோ தெரியவில்லை. மேலே படியுங்கள்.

போன பருவத்தில் ஒரு பெரிய விபரீதம் நடந்தது. பழைய இயங்குதளம் யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் ஓட்டிவிடும். ‘நாவல்பழம் எங்கே பழுத்திருக்கிறது?’ என்று சொல்லும் நிரல் ஒன்று வந்தது. எல்லோரும் நாக்கில் எச்சில் ஊற அதைப் போட்டார்கள். அது உடும்பின் வேலை என்று யாருக்கும் தெரியாது. நாவல்பழத்தைக் காட்டிக்கொண்டே அந்த நிரல் கதவைத் திறந்துவிட்டது. இரண்டு ஆமைகளின் முட்டைகள் அத்தனையும் போயின.

மற்றவை பிழைத்தது சேற்றூரான் என்ற தவளையால். மணலில் கனமான கால் பட்டால் ‘கொர்ர்ர்’ என்று அலறும் சின்ன நிரல் ஒன்றை அவர் சொந்தமாக எழுதி வைத்திருந்தார். அது அலறியது. குளமே திரண்டு வந்தது. உடும்பு ஓடிவிட்டது.

அதனால்தான் இப்போது புது இயங்குதளம். செய்தவன் பின்னலன் என்ற தூக்கணாங்குருவி. அவன் அதற்கு வைத்த பெயர் ‘கோட்டை’.

“அக்கா, இனிமே ஒரு எறும்புகூட உங்களைக் கேட்காம உள்ள போகாது,” என்றான் பின்னலன். “வாசல் பலகையில யார் கால் வெச்சாலும் தடத்தைப் பார்த்து யாருன்னு கோட்டை சொல்லிடும். அனுமதிக்கலாமான்னு கேட்கும். ‘சரி’ங்கிற இடத்துல நீங்க ஒரு கொத்து கொத்துனாத்தான் திறக்கும். ‘வேண்டாம்’ல கொத்துனா திறக்காது.”

“அவ்வளவுதானா தம்பி?”

“அவ்வளவுதான். அப்புறம், என் முத்திரை இல்லாத எந்த நிரலும் இதுல ஓடாது.”

செம்மூக்கி வாலை ஆட்டி ஆட்டி மரத்தை மூன்று சுற்று சுற்றி வந்தாள். இந்தப் பருவம் அவளுடைய ஏழு முட்டைகளும் கூடத்துக்குள் இருந்தன. அவள் முட்டையிட்டது அதுதான் முதல் தடவை. இனி நிம்மதியாக அடைகாக்கலாம் என்று நினைத்தபோதே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது சேற்றூரான் தத்தித் தத்தி வந்தார்.

“என்னோட ‘கொர்ர்ர்’ ஓடுமாப்பா?”

பின்னலன் போட்டுப் பார்த்தான். ‘முத்திரை இல்லாத நிரல். இயக்க முடியாது’ என்றது திரை.

“நாலு மழைக்காலமா ஓடுறதுப்பா அது!”

“விண்ணப்பம் குடுங்க. வரிசைப்படி பார்த்து முத்திரை போடுறேன். ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசத்துல குஞ்சுங்க பொரிச்சு நீச்சலே பழகிடும்,” என்ற சேற்றூரான் செம்மூக்கியைப் பார்த்தார். “நீயாவது சொல்லு தங்கச்சி.”

செம்மூக்கிக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மனமில்லை. “எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே அண்ணே? கோட்டைதான் இருக்கே, அப்புறம் என்ன பயம்?”

“சரி தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தச் சரியில் இருந்த வருத்தம் அவள் காதில் ஏறவில்லை.

கோட்டை வேலையைத் தொடங்கியது.

‘முக்குளிப்பான் உள்ளே வரக் கேட்கிறது. அனுமதிக்கலாமா?’

செம்மூக்கி நிமிர்ந்து நின்று, எழுத்துக்கூட்டிப் படித்து, வாசலை எட்டிப் பார்த்து, அப்புறம்தான் கொத்தினாள். டொக்! கதவு திறந்தது. என்ன பெருமை அவளுக்கு!

‘நாரை உள்ளே வரக் கேட்கிறது. அனுமதிக்கலாமா?’ டொக்.

‘திரை வெளிச்சத்தைக் கூட்டக் கேட்கிறது. அனுமதிக்கலாமா?’ டொக்.

‘கடிகாரம் மணி பார்க்கக் கேட்கிறது. அனுமதிக்கலாமா?’

மணி பார்க்காமல் கடிகாரம் வேறு என்னதான் செய்யும்? செம்மூக்கி சிரித்துக்கொண்டே கொத்தினாள். முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் சலித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ‘அனுமதிக்கலாமா’ என்ற குரல் வந்தால் போதும், பேச்சு அது பாட்டுக்கு நடக்க, அலகு அது பாட்டுக்கு டொக்.

“எவ்வளவு கவனமா கேட்குது பார்த்தீங்களா அக்கா!” என்று பூரித்தான் பின்னலன்.

தாழம்புதருக்குள் படுத்திருந்த உடும்பும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கேள்விக்கும் டொக்குக்கும் நடுவே முதல் நாள் நல்ல இடைவெளி இருந்தது. மூன்றாம் நாள் கேள்வி முடிவதற்கு முன்னாலேயே டொக் விழுந்தது. உடும்புக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்தத் தடவை நாவல்பழமும் வேண்டாம், நிரலும் வேண்டாம். நேராக நடந்து போனாலே போதும்!

அன்று உச்சிப்பொழுதுக்குள் செம்மூக்கி நாற்பது சரி சொல்லிவிட்டாள். மரத்தடியில் நாரையிடம் ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“நேத்து காதை வெச்சுக் கேட்டேன் மதினி. மூணாவது முட்டைக்குள்ள ஏதோ அசையுது!”

‘உடும்பு உள்ளே வரக் கேட்கிறது. அனுமதிக்கலாமா?’

டொக்.

கோட்டை ஒன்றும் கூலிக்கு மாரடிக்கவில்லை. இன்னொரு தடவையும் கேட்டது. ‘நிச்சயமாகவா?’

டொக்.

கதவு திறந்தது. உடும்புக்கே ஒரு நொடி வெட்கமாகிவிட்டது. “இவ்வளவு மரியாதையாவா!” என்று முணுமுணுத்தபடி உள்ளே நுழைந்தது.

“கொர்ர்ர்ர்ர்! கொர்ர்ர்ர்ர்!”

குளமே நடுங்கும்படி ஓர் அலறல். அது கணினியிலிருந்து வரவில்லை. மணலுக்குள்ளிருந்து வந்தது.

செம்மூக்கி திரையைப் பார்த்தாள். ‘உடும்பு அனுமதிக்கப்பட்டது’ என்று அழகான எழுத்தில் இருந்தது. அவள் கத்திக்கொண்டே ஓடினாள். நாரை அவளுக்கு முன்னால் பாய்ந்தது. முக்குளிப்பான்கள், ஆமைகள், வாத்துகள், எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உடும்பு அவளுடைய கூட்டின்மேல்தான் நின்றது. நாரை அதன் கண்ணுக்கு நேரே குத்தப் போனது. ஆமை வாலைக் கவ்வியது. கவ்விய வாலை உதறிக்கொண்டு உடும்பு வெளியே ஓடித் தப்பியது.

செம்மூக்கி எண்ணினாள். ஆறு. மறுபடியும் எண்ணினாள். ஆறுதான். மூன்றாவது முட்டை இருந்த இடம் குழிந்து கிடந்தது. அவள் குனிந்து அந்தக் குழியில் காதை வைத்தாள்.

மணலை உதறிக்கொண்டு சேற்றூரான் எழுந்தார். கோட்டை வேலையைத் தொடங்கும் முன்பே உள்ளே போய், மூன்று நாளும் அவர் அங்கேதான் புதைந்து கிடந்திருக்கிறார்.

“நிரலுக்குத்தானே முத்திரை வேணும்னாங்க,” என்றார். “தொண்டைக்கு யாரும் கேட்கலை.”

பின்னலன் பதறிப்போய் வந்தான். “கோட்டை மேல தப்பே இல்ல அக்கா! யாருன்னு பேரைச் சொல்லியே கேட்டுது. ரெண்டு தடவை கேட்டுது. சரின்னு சொன்னது நீங்கதான்!”

“நான்தான் சொன்னேன்,” என்றாள் செம்மூக்கி. “அது என் தப்பு. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா தம்பி, கடிகாரம் மணி பார்க்கலாமான்னு கேட்ட அதே குரல்லதானே உடும்பு வரலாமான்னும் கேட்டுது? என்னைச் சரி சொல்லப் பழக்கிவிட்டது யாரு? முழிச்சுக்கிட்டுக் கிடந்தவரை வரிசையில நிக்கச் சொன்னது யாரு? நானும்தான் அதுக்குத் தலையாட்டினேன்.”

பின்னலன் அன்றே கணினியில் அலகை வைத்து உட்கார்ந்தான். முதல் வேலையாக சேற்றூரானின் நிரலுக்கு முத்திரை போட்டான். திரை வெளிச்சத்துக்கும் கடிகாரத்துக்கும் இருந்த கேள்விகளை எல்லாம் பிடுங்கி எறிந்தான். தாய்களின் தடங்களை ஒரே தடவை பதிந்துகொண்டான். இனி அவர்களைக் கோட்டை கேட்காது, தானே திறந்துவிடும். பதியாத கால் வந்தால் மட்டும் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ‘சரி’யே கிடையாது. உள்ளே விட வேண்டுமானால், வருபவரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கொத்தி எழுத வேண்டும்.

ஒன்பது நாள் கோட்டை வாயே திறக்கவில்லை. பத்தாம் நாள், முட்டைகள் விரிசல் விடும் நேரத்தில், ‘வாசலில் நிற்பவரின் பெயரை எழுதுங்கள்’ என்றது.

செம்மூக்கியின் அலகு பழைய பழக்கத்தில் தானாக இறங்கியது. ‘சரி’ இருந்த இடம் காலி. ஓட்டுக்குள்ளிருந்து வரும் கீச்சுச் சத்தம் அவளை வா வா என்று அழைத்தது. யாரோ அவசரக்காரர் போல என்று நினைத்து, திரையில் தெரிந்த பெயரைப் பார்த்துக் கொத்தத் தொடங்கினாள்.

உ.

டு.

ம்.

அவளுடைய இறகெல்லாம் குத்திட்டு நின்றன. எழுதியதை அழித்தாள். ‘வேண்டாம்’ என்ற இடத்தில் ஓங்கி ஒரு கொத்து கொத்தினாள். தாழ்ப்பாள் இன்னும் இறுக விழுந்தது. வெளியே கனமான கால்கள் சலிப்போடு திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

“என்ன தங்கச்சி சத்தம்?” என்று உள்ளிருந்து கேட்டார் சேற்றூரான்.

“ஒண்ணுமில்ல அண்ணே,” என்றாள் செம்மூக்கி. “இந்தத் தடவை படிச்சேன்.”

தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்கும் காவல், காவல்காரரைக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டப் பழக்கித் திருடனுக்குத் தானே கதவைத் திறந்துவிடும்.