அடுப்படிக்குப் போன ஊர்வலம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், அரசி இறந்தபின் அரசருக்குச் சோறு இறங்கவில்லை. அரசர் உண்பதைப் பிறர் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அரசி மட்டும் அருகிருந்து பரிமாறுவாள். இப்போது திரைக்குப் பின்னால் தனியே உட்கார்ந்து, பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். உடம்பு துரும்பாகிவிட்டது.

"சோறு ஆறி வருகிறது! நாளையும் அப்படி வந்தால் சமையற்காரன் கையை வெட்டுங்கள்" என்று ஒருநாள் சீறினார்.

சமையற்காரன் திருமேனி என்ன செய்வான், பாவம்! மந்திரி அகோரர் சோற்றுக்கு முத்திரை வைத்து, வாசலுக்கு வாசல் ருசி பார்க்கச் செய்து, மேளதாளத்தோடு அனுப்புவதற்குள் அது விறைத்துவிடும்.

விகடகவி வேம்பன் அவனுக்காகக் கெஞ்சினான். வேம்பனைக் கண்டாலே ஆகாத அகோரருக்குக் கொண்டாட்டம். "அரசே, நாளை வேம்பனே பொறுப்பேற்கட்டும். அடுப்பின் சூடும் குறையக் கூடாது, ஊர்வலமும் குறையக் கூடாது. தவறினால் அவன் கையும் போகட்டும்."

அரசர் தலையசைத்தார். அன்று முழுவதும் திருமேனி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் உச்சிவேளையில் வேம்பன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"அரசே, சோறு அடுப்பிலேயே இருக்கிறது. தாங்கள்தான் எழுந்தருள வேண்டும்."

"ஊர்வலம்?" என்றார் அகோரர்.

"குறைவில்லை, மந்திரியாரே! அரசருக்கு முன்னால் மேளம் வாசிக்கச் சொல்லுங்கள். ருசி பார்ப்பவர்களும் கூடவே வரட்டும்."

அடுப்படியில் வேலையாட்கள் இலை போட்டு, சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அரசர் உண்பதைப் பார்க்கக் கூடாதே! அவர்கள் முதுகுக்குப் பின்னால் அரசருக்கு ஓர் இலை. ஆவி பறக்கும் சோறு விழுந்தது. முன்னால் ஒரே பேச்சும் சிரிப்பும் உறிஞ்சலும்.

மாவரைக்கும் பொன்னுருவி பழக்க தோஷத்தில், பின்னால் இருப்பவர் யார் என்பதையே மறந்து, திரும்பாமலேயே ரசக் கரண்டியைப் பின்னால் நீட்டினாள். "யாருப்பா அது, சத்தமே காணோம்? இன்னும் கொஞ்சம் ஊத்திக்கய்யா. வயித்த வஞ்சிக்காத."

அரசரின் கை நின்றது. அரசி போனபின் அவரை யாரும் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னதில்லை. கண்ணீர் இலையில் விழுந்தது. ரசத்தை வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார்.

"எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள்" என்றார் பிறகு.

திரும்பிய பொன்னுருவி, "ஐயோ, ராசா!" என்று கரண்டியைக் கீழே போட்டாள். அரசர் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார்.

"வேம்பா, உனக்குப் பொற்கிழி உண்டு. முதலில் உன் இலையையும் திருமேனி இலையையும் என் பக்கத்தில் போடு" என்றார். திருமேனி தன் இரு கைகளாலும் இலையை விரித்தான்.