மூன்றாவது தடவை கேட்டால்தான் சோறு

அன்று காலை எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள் மொத்தம் ஏழு பேர். உப்போடைப்பட்டி இருளாண்டி, அவர் மனைவி பேச்சியம்மாள், மூத்த மகள் செண்பகம், இளைய மகள் பூரணி, பெரிய தம்பி சுடலை, சுடலையின் மனைவி ராக்கு, இன்னும் பெண் அமையாத சின்னத் தம்பி வெயிலுகந்தான். இருளாண்டி முன்னாலிருந்து ஒரு தடவை எண்ணினார், பின்னாலிருந்து ஒரு தடவை எண்ணினார். இரண்டுக்கும் ஏழே வந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

முந்தின நாள் சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதற்கு வந்தவர்கள்தான். ஊருக்கு ரயில் சாயங்காலம் நாலரைக்கு. அதற்குள் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும். அது பேச்சியம்மாள் வைத்த காரியம்.

கல்யாண வீட்டிலும் அவள் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பந்திக்கும் அவளே பரிமாறி, கடைசியில் அண்டா பக்கத்தில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். விடிந்ததும் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள். கத்தவில்லை. தலையை வாரிக்கொண்டே சொன்னாள்.

"இருபத்தாறு வருசத்துல ஒரு நாள் உங்க கூட ஒரே வரிசையில உக்காந்ததில்ல. இன்னைக்கு ஓட்டல்ல குடும்பமே ஒரே வரிசையில உக்காரணும். வேற ஆள் பரிமாறணும். இல்லன்னா ஊருக்குப் போய் நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்."

அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ராக்கு ஒரு முறை முயன்றதில் அடுப்பைத் தவிர மற்றதெல்லாம் பற்றிக்கொண்டது. ஆகவே மற்ற ஆறு பேரும் கலங்கிப் போனார்கள்.

இருளாண்டி முன்பின் தெரியாதவரிடம் பேசக் கூச்சப்படுவார். ஆனாலும் அடுப்பை நினைத்து டீக்கடைக்காரரிடம் போய், பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் எது என்று கேட்டார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, கூட்டம் எங்கே ஜாஸ்தியோ அங்கே போங்க, சாப்பாடு நல்லா இருக்கும் என்றார்.

ஏழு பேரும் நடந்தார்கள். முதல் ஓட்டலில் இருளாண்டி எண்ணியபோது ஒன்பது பேர். அடுத்ததில் இருபத்திரண்டு. மூன்றாவது தெருவில் ஒரு பெரிய பந்தல் போட்டிருந்தது. அதன் முன்னால் வளைந்து வளைந்து வரிசை. எண்ணி முடிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. இருநூற்றுப் பதினாலு. இவ்வளவு பேர் காத்திருக்கிற சோறு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே வாயூறியது. போய்க் கடைசியில் நின்றார்கள்.

அது இலவசக் கண் பரிசோதனை முகாம்.

மேசையில் இருந்த பெண் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டாள். வயசுக்குத் தக்கபடி அளந்து போடுவார்கள் போலிருக்கிறது என்றான் சுடலை. உள்ளே சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. அதை வெயிலுகந்தான் வெகு நேரம் ஆராய்ந்தான்.

"பதார்த்தப் பட்டியல்ணே. மேல பெருசாப் போட்டிருக்கது சோறு. கீழ பொடிசா இருக்கது ஊறுகா."

பிறகு ஒருவர் வந்து ஏழு பேர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார். பட்டணத்தில் பந்திக்கு முன்னால் தீர்த்தம் தருகிறார்கள், வாய்க்குப் பதிலாகக் கண்ணில் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று ராக்கு எல்லோருக்கும் விளக்கினாள். அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். ஏழு பேரும் சோற்று வாசனைக்காக மூக்கைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் டாக்டரம்மா ஏழு பேர் கண்ணும் நன்றாக இருக்கிறது என்றார். இருளாண்டி கூச்சத்தோடு, இலை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டல் இருக்கிறது, மாடியில் குடும்பத்துக்கென்று தனி இடம் உண்டு, மூன்று மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும், சீக்கிரம் போங்கள் என்றார். மணி அப்போது இரண்டு.

ஓட்டல் மாடிப்படியில் "குடும்பத்தினருக்கு மட்டும்" என்று பலகை இருந்தது. கண் மங்கலாக இருந்ததால் ஏழு பேரும் ஆளுக்கு ஓர் எழுத்தாகப் படித்துச் சேர்த்தார்கள். இருளாண்டி முதல் படியிலேயே நின்றுவிட்டார். நாம் குடும்பம்தான் என்று வாயால் சொன்னால் போதுமா? எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த ரேஷன் கார்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணினார். முகம் சுருங்கியது. கார்டில் எட்டுப் பெயர்.

எட்டாவது பெயர் அண்ணன் தம்பி மூவரையும் பெற்ற அய்யா பெரியகருப்பன். செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பெயரை அடித்தால் கோபித்துக்கொள்வார் என்று யாரும் அடிக்கவில்லை.

"அய்யா இல்லாமப் போனா அது குடும்பம் இல்லண்ணே, முக்கால் குடும்பம்" என்றான் சுடலை.

"முக்கால் இல்லடா. எட்டுல ஏழு. முக்காலே அரைக்கால்" என்றார் இருளாண்டி. கணக்கில் அவர் யாரையும் விட்டுவைப்பதில்லை.

முக்காலே அரைக்கால் குடும்பத்தை மாடிக்கு விடுவார்களா என்று பத்து நிமிஷம் பேசினார்கள். பேச்சியம்மாள் மணியைப் பார்த்தாள். உடனே இருளாண்டி படியேறி, மேலே நின்ற மேனேஜரிடம், மொத்தம் எட்டுப் பேர், அதில் ஒருத்தர் தவறிவிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். மேனேஜர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, வந்ததும் உட்காரட்டும் என்று கையைக் காட்டிவிட்டார்.

நாலு பேர் மேசையாக இருந்ததை இழுத்து ஒட்டி, எட்டு நாற்காலியையும் ஒரே பக்கமாகப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எட்டு இலை விழுந்தது. முதல் இலை அய்யாவுக்கு. நட்டநடுவில் பேச்சியம்மாள். ஒரே வரிசை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இடமும் வலமும் ஒரு முறை பார்த்தாள். இருளாண்டிக்கு உயிர் வந்தது.

இங்கே உப்போடைப்பட்டி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் விருந்துக்கு உட்கார்ந்தவர் முதல் தடவை சோறு வரும்போது இலையை மறைத்து வேண்டாம் என்பார். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார். மூன்றாம் தடவை கேட்டால்தான், இவ்வளவு தூரம் சொல்கிறீர்களே என்று கையை எடுப்பார். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

பரிமாற வந்தவர் பெயர் ஞானமணி. சோற்றுத் தட்டோடு வந்து, சாதம் என்றார். ஏழு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இலையை மறைத்தார்கள்.

ஞானமணி சரி என்று போய்விட்டார்.

போகிற வழியில் முதல் இலையைப் பார்த்தார். மறைப்பார் இல்லை. ஆள் கை கழுவப் போயிருக்கிறார் என்று எண்ணிச் சோற்றைக் குவித்தார். பருப்பு, நெய், சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் அந்த ஓர் இலைக்கே போனது.

"ஒண்ணு ஆச்சு" என்றார் இருளாண்டி.

பூரணி, நாமே கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்றாள். அவள் காலையிலிருந்து பட்டினி. பேச்சியம்மாள் அவளை முழங்கையால் இடித்தாள்.

"கேட்டு வாங்கித் தின்னுட்டு எந்த மூஞ்சியோட எந்திரிப்ப? இன்னும் ஒரு தடவைதான, பொறு."

இரண்டரை மணிக்கு ஞானமணி மறுபடி வந்தார். இப்பவாவது போடட்டுமா என்று கேட்டார். ஏழு பேரும் முன்னைவிட உறுதியாக மறைத்தார்கள். ராக்குவுக்கு வயிறு கூப்பாடு போட்டது.

"ரெண்டு ஆச்சு. இனி வந்தா வாங்கிரலாம்" என்றார் இருளாண்டி. யார் யார் எவ்வளவு சோறு வாங்குவது என்று பேச்சு நடந்தது. வெயிலுகந்தான் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டான்.

அடுத்த மேசைகள் காலியாயின. மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஞானமணி மூன்றாம் தடவையாக வந்தார். கையில் பிளாஸ்டிக் வாளி இருந்தது.

"இலையை எடுத்துடட்டுமா சார்?"

மற்ற ஆறு பேரும் இருளாண்டியைப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை கேட்டதை மறுப்பது என்பது உப்போடைப்பட்டியில் அதுவரை நடந்ததில்லை. அவர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க இவ்வளவு தூரம் சொல்லுதீங்க. எடுங்க."

எட்டு இலையும் வாளிக்குள் போயின. முதல் இலை அப்படியே குவியலாகப் போனதைப் பார்த்து ஞானமணி தயங்கினார். அய்யா எப்போதும் மெதுவாகத்தான் சாப்பிடுவார் என்று சுடலை அவருக்கு ஆறுதல் சொன்னான்.

அய்யா இலைக்குப் பணம் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். இருளாண்டிக்கு அணைந்த அடுப்பு கண்ணுக்குள் தெரிந்தது. அன்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஒரு வார்த்தை சொல்லேன் என்று பேச்சியம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"நான் உக்காந்திருக்கேன், என் இலைய இன்னொரு ஆள் எடுக்காரு" என்றாள் அவள். "இந்த இருபத்தாறு வருசத்துல உங்க வீட்டுல ஒருத்தர் எடுத்ததில்ல. போங்க, நாளைக்கு அடுப்புப் பத்தவைக்கேன்."

ஆறு பேருக்கும் பசியே மறந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு.

அதற்குள் ஞானமணி படியிறங்கி ஓடிவந்து, ஒரு பொட்டலத்தை இருளாண்டி கையில் திணித்துவிட்டு மேலே போய்விட்டார். வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருளாண்டி வாங்கியிருக்க மாட்டார். பிரித்தால் வடை. இலைக்கு ஒன்றாக எட்டு.

நாலரை ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் இருளாண்டி வடையைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். வேண்டாம், வேண்டாம், மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டாள். வாங்கியதைப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் தின்ன முடியுமா? ராக்குவிடம் நீட்டினாள். ராக்கு இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவை வாங்கி, சுடலையிடம் நீட்டினாள். எட்டு வடையும் இப்படி வரிசையில் சுற்றி வந்துகொண்டே இருந்தன. விழுப்புரம் தாண்டும்போது எதிர் சீட்டுக்காரருக்கும் மரியாதைக்கு ஒன்றை நீட்டினார்கள். அந்த மனிதர் முதல் தடவையே கை நீட்டி வாங்கி, வாயில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஊர் வரும்வரை அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காலையில் வீட்டுக்கு வந்ததும் இருளாண்டி பொட்டலத்தைப் பிரித்து எண்ணினார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை.

மிச்சம் ஏழு வடை.