அங்காயி வைத்த சூளை

முன்னொரு காலத்தில் ஆலம்பதி என்கிற பட்டணத்தை விசயமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது நடந்தாக வேண்டும்.

ஒருநாள் சபையில் சொன்னான்: "எந்தத் தெருவில் வீடு, எங்கே கடை, எங்கே பட்டறை என்று நம் பாட்டனார் எழுதிவைத்த சட்டம்தான் இன்னும் நடக்கிறது. ஊரோ மூன்று மடங்கு பெருத்துவிட்டது. உப்பு வாங்க ஜனங்கள் ஊர்க்கோடிக்கு நடக்கிறார்கள். சட்டத்தை மாற்றி எழுதுங்கள்!"

பிரதானி கனகராயர் முந்திக்கொண்டார். ராஜா வேறு யாரிடமாவது யோசனை கேட்டால் அவருக்கு வயிறு எரியும். அரண்மனை மேல்மாடத்தை விட்டு இறங்காமலே ஊரைப் படமாக வரைந்து விரித்தார். கிழக்கே ஏரிக்கரையில் இருந்த குயவர் தெருவை எடுத்துவிட்டு அங்கே பிரபுக்களுக்கு மாளிகை. குயவர்களுக்கு அரண்மனைக் கோட்டைக்கு மேற்கே, மதிலை ஒட்டிய வெற்றுத் திடல்.

சேதி கேட்டு அறுபது குடும்பமும் அழுதது. சூளைக்காரி அங்காயி மட்டும் கையில் ஒட்டிய களிமண்ணோடு நேரே சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

கனகராயர் சிரித்தார். "பானை தட்டுகிறவளுக்குப் படம் பார்க்கத் தெரியுமா?"

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "இந்தப் படத்தில் ஒரு குற்றம் காட்டு, பார்ப்போம். காட்டினால் உன் பேச்சைக் கேட்கிறேன். இல்லாவிட்டால் தெருவைக் காலி செய்ய வேண்டியதுதான்."

அங்காயி கும்பிட்டுச் சொன்னாள்: "குற்றம் சொல்ல நான் யாருங்க? ராயர் குறித்த இடத்திலேயே நாளைக் காலையில் சூளை வைக்கிறேன். அதற்கு அனுமதி கொடுங்க, போதும்."

"பார்த்தீர்களா, பணிந்துவிட்டாள்!" ராயர் மீசையை முறுக்கினார். ராஜாவும் அனுமதி கொடுத்தான்.

மறுநாள் ஆடி மாதத்துக் காற்று வீசு வீசென்று வீசியது. சபை கூடிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஜன்னல் வழியே புகை திரண்டு வந்தது. புலவர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினான்.

"யாரடா அங்கே நெருப்பு வைத்தது?"

"நான்தான் மகாராஜா, உங்கள் உத்தரவுப்படி" என்று அங்காயி முன்னே வந்தாள்.

"சதி! காற்றையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள்!" என்று ராயர் தும்மிக்கொண்டே கத்தினார்.

"காற்று எனக்குச் சொந்தமா பந்தமா, சாமி? வருஷா வருஷம் ஆடியில் அது மேற்கே இருந்துதான் வருது. ஏரிக்கரையில் சூளை வைத்தால் புகை தண்ணீர் மேலே போய்விடும். அதனால்தான் அங்கே இருக்கிறோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்."

ராஜா இருமலுக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தான். "ராயரே, மேல்மாடத்திலேயே குடியிருந்தும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று தெரியவில்லையா? இறங்கி நடவும். ஒவ்வொரு தெருவிலும் ஜனங்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதி வாரும்!"

ராயர் வெயிலில் நடந்தார். நெசவாளர்கள் தங்கள் தெருவுக்குள்ளேயே உப்புக் கடை கேட்டார்கள். பாடசாலையை ஒட்டி இருந்த கொல்லர்களோ, "சம்மட்டிச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, எங்களுக்கு வேறு இடம் கொடுங்கள்" என்று தாங்களாகவே கேட்டார்கள். ஏரிக்கரை குயவர்களுக்கே நின்றது.

நாற்பதாம் நாள் சபை கூடியது. ராஜா அங்காயிக்கு நகரசபையில் ஆசனம் போட்டு உட்காரவைத்தான். புதுச் சட்டத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தவர் கனகராயர்தான்.

"முதல் விதி: ஒரு தெருவைப் பற்றிய சட்டத்தை அந்தத் தெருவைக் கேட்காமல் எழுதக்கூடாது."

இரண்டாம் விதியை அவர் வாசித்தது யார் காதிலும் விழவில்லை. குயவர் தெருப் பெண்கள் குலவை போட ஆரம்பித்திருந்தார்கள்.